கடனாளியின் கையில் சாவி

கடனாளியிடம் பெட்டிச் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது நம் ஊரில் யாரும் கேள்வி கேட்காத நியாயம். பெண் கொடுக்கும்போது விசாரிக்கிறோம், வியாபாரத்தில் பங்கு சேர்க்கும்போது விசாரிக்கிறோம். வீட்டளவில் இருந்த இந்த எச்சரிக்கையை இப்போது வங்கியும் அரசும் வேலைக்கான தகுதியாகவே ஆக்கிவிட்டன. கடன் இருந்தால் கை நீளும், கை நீண்டால் ரகசியம் விலைபோகும், ஆகவே கடனாளியை வாசலிலேயே நிறுத்திவிடு என்பதுதான் வாதம். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நின்றுகொண்டு, கல்வராயன் மலையை எதிரே வைத்துக்கொண்டு யோசித்தால் மூன்று கண்ணிகளுமே கழன்றுவிடுகின்றன.

2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வாகி, நியமன ஆணையும் பெற்ற ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கை சரியில்லை என்று வங்கி ஆணையை ரத்து செய்தது. விண்ணப்ப அறிவிக்கை வருவதற்கு முன்பே பாக்கியை எல்லாம் கட்டி முடித்துவிட்டேன் என்றார் அவர். நீதிபதி என்.மாலா ஏற்கவில்லை. கட்டி முடித்தது மட்டும் போதாது, கடன் வரலாறு பிசிறில்லாமல் இருந்திருக்க வேண்டும், பொதுமக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் நிதி ஒழுக்கம் இல்லாதவரை நம்ப முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அறிவிக்கையிலேயே நிபந்தனை இருந்தது, வங்கி அதன்படி நடந்தது. சட்டக் கணக்கில் தீர்ப்பைக் குறை சொல்ல வழி குறைவு. என் சண்டை அந்த நிபந்தனையோடு. கடனைக் கட்டி முடித்தவரையும் கட்டாமல் ஓடியவரையும் ஒரே தட்டில் வைக்கும் நிபந்தனை நேர்மையை அளக்கவில்லை. ஒருவர் வாழ்க்கையில் எப்போதாவது கையில் காசில்லாமல் இருந்தாரா என்பதைத்தான் அளக்கிறது. அப்படி ஒரு மாதம்கூட இருந்ததில்லை என்று சொல்லக்கூடிய வீடு சங்கராபுரத்திலோ சின்னசேலத்திலோ எத்தனை தேறும்?

மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் கடன் என்பது ஒருவரின் குணத்தைவிட ஊரின் வரலாற்றைத்தான் அதிகம் சொல்லும். 1976 வரை இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடிகள் ஜாகிர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த காலம் அது. ஜாகிர் முறை போன அதே ஆண்டில்தான் நாடாளுமன்றம் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது. கொத்தடிமைக் கடன் அனைத்தும் அற்றுப்போனது என்றே அந்தச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தக் கடன் கடனே அல்ல, இதைத் திருப்பிக் கேட்க எவருக்கும் உரிமையில்லை என்று அன்றைய அரசுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. அதாவது, கடனில் வகை உண்டு என்று நம் சட்டப் புத்தகத்துக்கு அரை நூற்றாண்டாகத் தெரியும். சிபில் மதிப்பெண்ணுக்குத்தான் தெரியவில்லை.

ஜாகிர்தார் போனார், முன்பணம் வந்தது. மலையில் குச்சிக்கிழங்கு போட்டால் கையில் காசு பார்க்கப் பத்து மாதம் ஆகும். சாமை வீட்டுச் சோற்றுக்குத்தான் சரி. இடையில் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் எதுவும் அறுவடைக்காகக் காத்திருப்பதில்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கேரளத்துத் தோட்டங்களுக்கும் ஆள் பிடிக்கும் மேஸ்திரி அட்வான்ஸ் தருகிறார். அதில் அடங்காதது ஃபைனான்ஸ்காரரிடம் போகிறது. அடிவாரத்தில் ஃபைனான்ஸ் நடத்துபவர் பழைய மாதிரி புரோநோட்டோடு நிற்பதில்லை. தொகை எழுதாத, கையெழுத்து மட்டும் போட்ட செக் கேட்கிறார். அப்பாவிடம் செக் புத்தகம் கிடையாது. உதவித்தொகைக்காக வங்கிக் கணக்கு தொடங்கிய மகனிடம் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போனவன் அவன்தான். அவன் கையெழுத்துதான் செல்லும். இரண்டு வெற்றுச் செக்கில் அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அந்த நிமிடத்தில் அவனுடைய போலீஸ் வெரிஃபிகேஷன் தொடங்கிவிடுகிறது. அது அவனுக்குத் தெரியாது.

எப்படி என்று கேட்டால், நம் நாட்டில் செக் திரும்பினால் அது வெறும் பண வழக்கு அல்ல, குற்ற வழக்கு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு, செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதம் உண்டு. 139-ஆவது பிரிவு இன்னும் கடுமை. கடனுக்காகத்தான் செக் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது கையெழுத்துப் போட்டவர் பாடு. வெற்றுச் செக்கில் தொகையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் இந்த அனுமானம் நிற்கும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் கொடுத்தவர் காவல் நிலையத்துக்கே போக வேண்டியதில்லை, நேரே குற்றவியல் நடுவர் மன்றத்தில் தனிப்புகார் போடலாம். முப்பதாயிரம் வாங்கிய இடத்தில் செக்கில் இரண்டு லட்சம் ஏறியிருக்கும். சம்மன் மலைக்கு வருவதற்குள் குடும்பம் மேஸ்திரியோடு வெளியூர் போயிருக்கும். ஆஜராகாததால் பிடிவாரண்ட். பையன் அந்த நேரத்தில் சீருடைப் பணியாளர் தேர்வுக்காகத் தினமும் காலையில் ஓடிக்கொண்டிருப்பான்.

தேர்வும் பெற்றுவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். சான்றுறுதிப் படிவம் வருகிறது. நம் படிவங்களில் 'உமக்குக் கடன் உண்டா' என்று நேரடியாகக் கேள்வி இருப்பதில்லை. கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, எந்த நீதிமன்றத்திலாவது வழக்கு நிலுவையில் உண்டா என்றுதான் கேட்கும். ஆக, கடன் இங்கே கடன் என்ற பெயரில் உள்ளே வருவதில்லை, குற்றம் என்ற பெயரில் வருகிறது. விசாரிக்க வரும் காவலர் வெள்ளிமலையில் டீக்கடையில் இரண்டு பேரையும் ஊரில் இரண்டு பேரையும் கேட்டு எழுதிக்கொண்டு போவார். அந்த அறிக்கையில் கடன் எதற்காக வாங்கப்பட்டது, எவ்வளவு திரும்பக் கட்டப்பட்டது என்று எழுத இடமே கிடையாது.

சரி, மலையை விட்டுவிடுங்கள், வங்கியில் முறையாகக் கணக்கு வைத்திருப்பவரின் மதிப்பெண்ணாவது அவருடைய நடத்தையைக் காட்டுகிறதா? கடலூர், தஞ்சாவூர் மாவட்டக் கரும்பு விவசாயிகளைக் கேளுங்கள். திரு ஆரூரான், அம்பிகா சர்க்கரை ஆலைகள் தங்கள் பெயரில் தங்களுக்கே தெரியாமல் வங்கிக் கடன் எடுத்துவிட்டதாகச் சொல்லி அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2022-ல் திருமண்டங்குடியில் தொடங்கிய போராட்டத்தின் கோரிக்கைகளில் அந்தக் கடனிலிருந்து விடுவிப்பதும் ஒன்று. கரும்புக்கு ஆலை தர வேண்டிய பாக்கி வரவில்லை, வாங்காத கடனுக்கு வங்கி நோட்டீஸ் வந்தது. அந்த வீட்டுப் பிள்ளை நாளைக்கு வங்கி வேலைக்குப் போகும்போது அப்பா பெயரில் அல்ல, தன் பெயரில் இப்படி ஒன்று கிடந்தால் என்ன ஆகும்? தகவல் தவறு என்று நிரூபிக்கும் வரை அவன் நேர்மையற்றவன். கடன் தகவலில் பிழை இருக்கும் என்பது ரிசர்வ் வங்கிக்கே தெரியும். புகார் வந்து 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உத்தரவே போட்டது. நியமன ஆணை ரத்தான பிறகு நாளுக்கு நூறு ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த உத்தரவில் இல்லை.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு இப்போது வருகிறேன். கடனில் மூழ்கியவன் எதிரிக்கு எளிதான இரை என்பார்கள். உதாரணமும் கையில் வைத்திருப்பார்கள்: அமெரிக்க சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ். விவாகரத்துச் செலவும் கடனும் நெருக்க, 1985-ல் சோவியத் தூதரகத்துக்குப் போய் ரகசியத்தை விற்றவர். உண்மைதான். ஆனால் கதையின் மீதியையும் படிக்க வேண்டும். அவர் பிடிபட்டது 1994-ல். நடுவிலிருந்த ஒன்பது ஆண்டுகள் அவர் கடனாளி அல்ல, பணக்காரர். 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாகக் கொடுத்து வாங்கினார், ஜாகுவார் காரில் அலுவலகம் வந்தார், இரண்டு முறை பொய் கண்டறியும் சோதனையிலும் தேறினார். கடன் பட்டியலை வைத்துக்கொண்டு காத்திருந்தால் அந்த ஒன்பது ஆண்டில் ஒரு நாளும் அவர் சிக்கியிருக்க மாட்டார், கடன்தான் தீர்ந்துவிட்டதே! சம்பளத்துக்குப் பொருந்தாத காசு எங்கிருந்து வந்தது என்று விடாமல் கேட்டிருந்தால் முன்பே சிக்கியிருப்பார். மனைவி வீட்டுச் சொத்து என்று சொல்லியிருந்தார், அதை நம்பினார்கள்.

அமெரிக்கா வரை போவானேன்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஊருக்கு நடுவே, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரத்தில் விற்பனை நடந்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் உட்படப் பலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், ஆட்சியர் மாற்றப்பட்டார், அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. யார் எந்த அளவுக்குப் பொறுப்பு என்பதை வழக்கு சொல்லட்டும். எனக்கு ஒரு சந்தேகம்தான். இத்தனை பெரிய கண்காணிப்புத் தோல்வியை அங்கே பணியில் இருந்தவர்களின் சிபில் மதிப்பெண் முன்கூட்டியே காட்டியிருக்குமா? மாதாமாதம் சம்பளம் வாங்கி, வீட்டுக் கடன் தவணை தவறாமல் கட்டுகிற ஒருவரின் மதிப்பெண் எண்ணூறைத் தாண்டி நிற்கும். மாமூல் வாங்குகிற ஒருவர் இருந்தால், அவருடைய மதிப்பெண் இன்னும் நன்றாகவே இருக்கும், தவணை தவற அவருக்குக் காரணமே இல்லை. பொதுப் பணிக்கு ஆபத்து காலிப் பையிலிருந்து வருவதைவிட, கணக்கில் வராத காசு கொண்ட பையிலிருந்துதான் அதிகம் வருகிறது என்பதைச் சாராயக் கணக்கு தெரிந்த கள்ளக்குறிச்சிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடனாளி ஆகாது என்று பேசுபவர்கள் தங்கள் பக்கம் இருப்பதாக நினைக்கும் விதிப் புத்தகமும் உண்மையில் அவர்கள் பக்கம் இல்லை. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964, 17-ஆவது விதி: ஊழியர் வழக்கமான கடனாளியாகவோ திவாலாகவோ ஆகாதபடி தன் காரியங்களை நடத்த வேண்டும்; கடன் வசூலுக்கு வழக்கு வந்தால் அரசுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அதோடு விடவில்லை. அந்தக் கடன் தன்னால் முன்கூட்டி அறிய முடியாத, தன் கட்டுப்பாட்டில் இல்லாத சூழலால் வந்தது, ஊதாரித்தனத்தால் வந்ததல்ல என்று காட்ட ஊழியருக்கு வழியும் வைத்திருக்கிறது. நிரூபிக்கும் சுமை அவர் மேல் என்பது கடினம்தான். ஆனாலும் விதி எழுதியவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ரம்மியில் விட்ட பணத்துக்கான கடன் வேறு, அம்மாவின் ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் வேறு. முதல் வகையை நானும் மன்னிக்கச் சொல்லவில்லை.

பாதுகாப்பு அனுமதி என்றாலே எல்லோரும் மேற்கோள் காட்டும் அமெரிக்காவில் 2017 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கும் வழிகாட்டுதலும் இதையே இன்னும் விரிவாகச் சொல்கிறது. அங்கே அனுமதி மறுக்கப்படுவதற்கு மிக அடிக்கடி சொல்லப்படும் காரணங்களில் கடன் ஒன்று என்பது உண்மை. ஆனால் அதே வழிகாட்டுதல், வேலை போனதா, நோய் வந்ததா, மணமுறிவா, குடும்பத்தில் மரணமா என்று கேட்கச் சொல்கிறது. கொள்ளை வட்டிக்காரரிடம் சிக்கியவரா என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறது. நல்லெண்ணத்தோடு கட்டத் தொடங்கியிருக்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் தனிச் சட்டமே போட்ட தமிழ்நாட்டில், அந்தக் கந்துவட்டிக்குப் பலியானவன் வேலைக்கு வரும்போது மட்டும் அந்தச் சட்டம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அமெரிக்க வழிகாட்டுதல் இன்னொன்றையும் சொல்கிறது. கடனைத் தனித் தலைப்பிலும், மறைப்பதையும் பொய் சொல்வதையும் வேறொரு தலைப்பிலும் வைத்திருக்கிறது. கடனைச் சரிசெய்ய வழி உண்டு, தெரிந்தே சொன்ன பொய்யிலிருந்து மீள்வது மிகக் கடினம். மறைத்தவனை மிரட்டலாம் என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் காரணம். எல்லோருக்கும் தெரிந்த கடனை வைத்து யாரும் யாரையும் மிரட்ட முடியாது. மேலதிகாரிக்குச் சொல்லாத கடனை வைத்துத்தான் மிரட்ட முடியும்.

இங்கேதான் இரண்டாவது தரப்பையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. ஏழைப் பிள்ளைகள் மேல் பரிவு கொண்ட தரப்பு அது. "அந்தக் கட்டத்துல இல்லைன்னு போட்டுடு தம்பி, யாருக்குத் தெரியப்போகுது" என்பது அவர்கள் அறிவுரை. படிவம் நிரப்பிக் கொடுப்பவர், வேலைக்குப் போய்விட்ட அண்ணன், சில சமயம் பயிற்சி வகுப்பு நடத்துபவரே இதைச் சொல்லக் கேட்கலாம். இதைவிடக் கெடுதலான அன்பு கிடையாது. காவல் நிலையப் பதிவுகள் நாடு முழுக்க ஒரே கணினி வலையில் இணைந்துவிட்டன, நீதிமன்ற வழக்கைப் பெயர் போட்டுத் தேடிவிடலாம். பொய் இன்று தெரியாமல் போனாலும் பதினைந்து ஆண்டு கழித்துப் பதவி உயர்வின்போது தெரியும். அதுவரை அவன் அந்தக் கட்டத்துக்கு அடிமையாக வேலை பார்க்க வேண்டும். கல்வராயனுக்கு இன்னொரு கொத்தடிமைத்தனம் வேண்டாம்.

உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வாக இதை அலசியது. தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைப்பு கூடாது என்பது முதல் கொள்கை. ஆனால் மறைத்துவிட்டார் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வெளியே தள்ளவும் கூடாது. சிறு வயதில் கோஷம் போட்டது, சில்லறைக் குற்றம் போன்றவற்றை வேலை கொடுப்பவர் விட்டுவிடலாம், பதவியின் தன்மையையும் பார்க்க வேண்டும். படிவத்தில் கேள்வி குறிப்பாகக் கேட்கப்பட்டிருந்தால்தான் மறைத்தார் என்று சொல்ல முடியும். எல்லாம் நல்ல கொள்கைகள். நடுவில் ஒரு முள்ளும் இருக்கிறது: உண்மையை முழுதாகச் சொன்னவரையும் வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

அந்த முள்ளைத் தமிழ்நாட்டின் விதி ஈட்டியாக்கிவிட்டது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14-ஆவது விதியின் கீழ் ஒரு விளக்கம் இருக்கிறது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதை ஏற்றும்விட்டது. மலையிலிருந்து பார்த்தால் இதன் பொருள் என்ன? 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் பலர் மலைக்கிராமத்தவர். செம்மரம் வெட்டப் போனவர்கள் ஆசையால் போகவில்லை, முன்பணக் கடன் அவர்களைக் கொண்டுபோனது. கல்வராயனிலிருந்தும் ஏஜென்டுகள் இப்படி ஆட்களைக் கூட்டிப்போயிருக்கிறார்கள், ஆந்திரச் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு. வழக்கில் மொத்தமாகச் சேர்க்கப்பட்டு, குற்றம் நிரூபிக்கப்படாமல் ஊர் திரும்பியவர்களும் உண்டு. அப்படித் திரும்பிய ஒருவன் படிவத்தில் உண்மையைச் சொன்னால் வேலை இல்லை, பொய் சொன்னால் ஒருவேளை வேலை. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு, 'ஏன் பொய் சொன்னாய்' என்று அரசு கேட்கிறது. நேர்மையைச் சோதிக்கும் ஏற்பாடே நேர்மைக்கு அபராதம் போட்டால், கடைசியில் உள்ளே வந்து சேர்பவர்கள் நேர்மையானவர்களாக இருக்க மாட்டார்கள். மறைக்கக் கற்றவர்களாகத்தான் இருப்பார்கள். சாவியை யாரிடம் கொடுக்கக் கூடாது என்று பயந்தோமோ அவரிடமே கொடுத்திருப்போம்.

வெறும் எண்ணை வைத்து ஒருவரை விலக்குவதை நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. கடனைப் பார்க்கவே கூடாது என்பதல்ல. படிவத்தில் கடனை நேரடியாகவே கேட்கட்டும்: யாரிடம், எதற்காக, எவ்வளவு, இதுவரை என்ன கட்டினீர்கள். செக் வழக்கு என்றால் அது தனிப்புகாரா, மூலக்கடன் எவ்வளவு என்று எழுத ஒரு பத்தி இருக்கட்டும். எழுதியதைச் சரிபார்த்து, உண்மை என்றால் அதை அவர் பக்கத்தில் வரவு வைக்க வேண்டும். எழுதாமல் விட்டதைக் கண்டுபிடித்தால் பற்று வைக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுத்தர் பணிக்கான ஐ.பி.பி.எஸ். அறிவிக்கைகளிலேயே இதற்கு ஒரு சிறு முன்மாதிரி இருந்தது: சிபிலில் குறை இருந்தால், பாக்கி இல்லை என்று கடன் கொடுத்த நிறுவனத்திடம் சான்று வாங்கி வந்தால் சேரலாம் என்று. ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலை இழந்தவருக்கு அந்தக் கதவுகூடத் திறக்கவில்லை.

இதற்கெல்லாம் ஆள் ஏது, நேரம் ஏது என்பார்கள். ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது எண்தான் வசதி என்பார்கள். முன்நடத்தை விசாரணை ஆயிரம் பேருக்கு நடப்பதில்லை, தேர்வு பெற்றவருக்கு மட்டும்தான் நடக்கிறது. அவர் வீட்டுக்கு எப்படியும் ஒரு காவலர் போகத்தான் போகிறார். மலை ஏறி வெள்ளிமலை வரை போகிறவர், டீக்கடையில் உட்காரும் நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய்க் கடன் கொடுத்தவரின் ரசீதைக் கேட்கலாம். ரசீது கொடுக்காத ஃபைனான்ஸ்காரரின் பெயரையும் அப்படியே குறித்துக்கொண்டு வரலாம். 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் அவருக்கும் வேலை இருக்கிறது.